சர்க்கரைப் பரிசோதனைக்கு வருவது யார், வராமல் போவது யார்?

சென்ற ஆண்டு ரமளானுக்கு முன்பு எங்கள் ஜமாஅத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். மதரஸா மண்டபத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கி லுஹருக்குள் முடித்துவிட்டோம். கூட்டம் நன்றாகவே இருந்தது. நிர்வாகிகளுக்கும் மகிழ்ச்சி.

வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை அன்று மாலை புரட்டிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பெரும்பாலோர் பெண்கள். அடுத்ததாக அறுபதைத் தாண்டிய பெரியவர்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் பழைய மருந்துச் சீட்டோடு வந்தவர்கள். அதாவது, நோய் இருப்பது தெரிந்து, அளவு எவ்வளவு என்று பார்த்துப் போக வந்தவர்கள். முப்பது முதல் ஐம்பது வயது வரையிலான ஆண்களின் பெயர் பட்டியலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. நாற்காலி தூக்கிப் போட்ட இளைஞர்களும் தண்ணீர் பாட்டில் கொடுத்தவர்களும் அந்த வயதுக்காரர்கள்தான். அவர்கள் யாரும் விரலை நீட்டவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நீட்டவில்லை.

அன்று தன் தாயை வண்டியில் அழைத்து வந்து இறக்கிவிட்ட ஒரு சகோதரர், "ஹஜ்ரத், அம்மாவுக்குப் பார்த்துடுங்க, நான் கடையைத் திறந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. வயது நாற்பத்தொன்று. ஷவ்வால் மாதத்தில் ஒரு நாள் காலை கடையிலேயே விழுந்தார். பக்கவாதம். மருத்துவமனையில் பார்த்தபோது ரத்த அழுத்தம் இருநூறைத் தாண்டியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. கடையை இப்போது அவர் மனைவியும் பள்ளிக்கூடம் போக வேண்டிய மூத்த மகனும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

முகாம் நடத்தினோம் என்று நாம் திருப்திப்பட்டுக்கொண்டோம். யாருக்கு அது தேவைப்பட்டதோ அவர் வாசல் வரை வந்துவிட்டுப் போய்விட்டார். இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. நாட்டு அளவிலான ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

கணக்கு என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்களும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு உயர் ரத்த அழுத்தம்.

தமிழ்நாட்டில் 2020இல் எடுக்கப்பட்ட மாநில அளவிலான கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோயும் இருந்தன. அவர்களில் எத்தனை பேர் நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள்? ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம். மருத்துவ வசதியில் முன்னணியில் இருக்கும் மாநிலத்தின் நிலைமையே இதுதான்.

இவர்கள் எந்த இடத்தில் நழுவிப் போகிறார்கள்? 2015–16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பை வைத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் படிப்படியாகக் காட்டியது. 15 முதல் 49 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் 76 பேருக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது ரத்த அழுத்தம் பார்க்கப்பட்டிருந்தது. தனக்கு நோய் இருப்பது தெரிந்தவர்கள் 45 பேர். மருந்து எடுத்தவர்கள் 13 பேர். கட்டுக்குள் இருந்தவர்கள் 8 பேர். அதிகம் நழுவிப் போனவர்கள் யார் என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. ஆண்கள், கிராமத்தில் இருப்பவர்கள், வசதி குறைந்தவர்கள், திருமணம் ஆகாதவர்கள்.

இந்தக் கடைசிப் பட்டியலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரிசோதனையைத் தானாகத் தேடிப் போவதற்கு நேரம், பணம், அழைத்துப் போக ஓர் ஆள், 'போய்ப் பார்த்துட்டு வாங்க' என்று வற்புறுத்த வீட்டில் ஒருவர் என நான்கும் வேண்டியிருக்கிறது. இவை யாரிடம் குறைவோ அவர்கள்தான் விடுபடுகிறார்கள்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் ஒரு சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971இலேயே இதை ஒரு விதியாக எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பதுதான் அதன் சாரம். அவர் எழுதியதோடு நிற்கவில்லை. நோய் என்று வருபவர்களுக்காக மட்டும் காத்திராமல், தன் கிராமத்திலிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்க முனைந்தார்.

தானாக வருபவர்கள்

நம் சமூகத்தில் பரிசோதனைக்குப் போகிறவர்கள் யார் யார்?

முதலாவது, வீட்டில் யாருக்காவது பெரிதாக வந்து பயந்தவர்கள். அத்தாவுக்குக் கால் எடுத்தார்கள், மாமாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்றால் அந்தக் குடும்பம் ஒரு மாதத்துக்கு வரிசையில் நிற்கும். பிறகு மறந்துவிடும்.

இரண்டாவது, வசதி உள்ளவர்கள். தனியார் மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்வார்கள்.

மூன்றாவது, வேறு காரணத்துக்காகக் கட்டாயமாகப் பரிசோதிக்கப்படுபவர்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். 'ஹஜ்ஜுக்குப் பேர் கொடுத்தப்பதான் சுகர் இருக்கறதே தெரிஞ்சது' என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அறுபது வயதில் தெரிய வந்தது, ஒருவேளை ஐம்பதிலேயே தொடங்கியிருக்கும்.

நான்காவது, தாய்மார்கள். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகவே வழக்கமாகிவிட்டது. ஆக, ஒரு பெண்ணுக்கு இருபது வயதிலோ முப்பது வயதிலோ ஒரு முறையாவது பரிசோதனை நடந்துவிடுகிறது. ஆணுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பமே இல்லை. அதே நேரம், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிள்ளை பிறந்ததும் 'சரியாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறையும், அதன் பிறகு தொடர்ந்தும் பார்க்க வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

வராதவர்களின் காரணங்கள்

கடையில் வேலை பார்க்கும் சகோதரருக்குக் காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை வேலை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பிரிவுக்குப் போக வேண்டிய நேரம் அவருக்கு வியாபார நேரம். அரை நாள் விடுப்பு எடுத்தால் அரை நாள் சம்பளம் போகும். உடம்பில் ஒரு வலியும் இல்லாதபோது அதை ஏன் இழக்க வேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு நோய்களின் தந்திரமே அதுதான். வலி தெரியாது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் இதயத்தையும் அரித்துக்கொண்டிருக்கும்.

வளைகுடாவில் இருப்பவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிறார். வந்த நாற்பது நாளில் நிக்காஹ், வீட்டு வேலை, உறவினர் வீடு என்று ஓடிவிடுகிறது. பரிசோதனை அவர் பட்டியலிலேயே இல்லை. ஏதாவது இருப்பதாகத் தெரிந்துவிட்டால் வேலைக்கு இடைஞ்சல் வருமோ என்ற பயம் வேறு.

பயம் என்றதும் வரன் பார்க்கும் வீடுகளையும் சொல்ல வேண்டும். முப்பது வயதுப் பையனுக்குச் சர்க்கரை என்று வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பரிசோதனையையே தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு. பெண் பிள்ளை என்றால் இன்னும் அதிகம். பார்க்காமல் விட்டால் நோய் இல்லாமல் போய்விடாது. நிக்காஹ் ஆன பிறகு அதே நோய் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் வந்து நிற்கும்.

கடைசியாக, ஆலிம்களாகிய நாங்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை. 'எல்லாம் அல்லாஹ் எழுதினபடி நடக்கும் ஹஜ்ரத்.' இந்த வார்த்தையில் ஈமான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கத்ரை இந்த இடத்தில் வைப்பது சரியா? உமர் (ரலி) அவர்கள் சிரியாவுக்குப் பயணம் போன வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பிய வரலாறு நமக்குத் தெரியும். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அவன் விதித்த ஒன்றிலிருந்து அவனே விதித்த இன்னொன்றுக்குப் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். நோய் கத்ர் என்றால் அதை முன்கூட்டியே காட்டித் தரும் கருவியும் மருந்தும் கத்ர்தான். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தவக்குல் என்ற பெயரில் கவனக்குறைவை நியாயப்படுத்த முடியாது.

வீடு தேடி வரும் மருத்துவம் ஏன் போதவில்லை?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. நடக்க முடியாத பெரியவர்களுக்கும் வெளியே அதிகம் போகாத நம் பெண்களுக்கும் இது பெரிய உதவி. அந்தச் சகோதரிகள் வெயிலில் அலைந்து செய்யும் வேலைக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும்.

ஆனால் தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் யார்? என் வீட்டுக்கே அந்தச் சகோதரி மூன்று முறை வந்திருக்கிறார். மூன்று முறையும் என் மனைவிக்குப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத் இருக்கறப்ப சொல்லுங்க" என்று போயிருக்கிறார். நான் மதரஸாவில் இருந்தேன். கடைக்காரர் பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் வெட்கப்பட்டுப் போய்ப் பார்த்தேன். 150க்கு 96. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவு. இன்று மாத்திரை எடுக்கிறேன், உப்பைக் குறைத்திருக்கிறேன். மிம்பரில் ஏறி ஆரோக்கியம் ஒரு நிஃமத் என்று பேசியவனின் நிலைமை இது.

ஆண்கள் வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதிக்க வேண்டும் என்பதை அரசும் உணர்ந்திருக்கிறது. தொழிலாளர்களுக்கென 2024 தொடக்கத்தில் பணியிடப் பரிசோதனைத் திட்டம் வந்தது. ஆனால் அது பெரிய ஆலைகளுக்குப் பொருந்தும் அளவுக்கு இரண்டு பேர் வேலை பார்க்கும் ஜவுளிக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் பொருந்துவது கடினம்.

முகாம் மட்டும் போதுமா?

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பொதுவான உடல் பரிசோதனைகளால் மரணங்கள் குறைகின்றனவா என்று பல நாடுகளில் நடந்த 15 ஆய்வுகளை, சுமார் இரண்டரை லட்சம் பேரின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்த ஓர் அறிக்கை 2019இல் வெளியானது. பெரிய பலன் எதுவும் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று, தானாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள் என்பது. எங்கள் மண்டபத்தில் நடந்ததும் இதுதானே!

இதற்கு எதிர்ப்பக்கமாக ஓர் அனுபவம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 52 முடிதிருத்தும் கடைகளில், உயர் ரத்த அழுத்தம் இருந்த 319 கறுப்பின ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2018இல் வெளியானது. மருத்துவமனைக்குப் போகாத அந்த ஆண்கள் முடி வெட்ட மட்டும் தவறாமல் போவார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தாளுநரே கடைக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, மருந்தும் எழுதித் தொடர்ந்து கவனித்தார். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. 'டாக்டரைப் பாருங்கள்' என்று முடிதிருத்துநர் அறிவுரை மட்டும் சொன்ன மற்றொரு பிரிவினருக்கு 9 புள்ளிதான் இறங்கியது. பலன் தந்தவை இரண்டு விஷயங்கள். ஆண்கள் இருக்கும் இடத்துக்கே போனது, மருந்தைக் கொடுத்துப் பின்தொடர்ந்தது.

நம் ஆண்கள் வாரம் தவறாமல் கூடும் இடம் ஒன்று உண்டு. ஜும்ஆ நாளில் பள்ளிவாசல். கடையை மூடிவிட்டு வருகிறார்கள், வெளியூரில் இருப்பவர்களும் விடுமுறையில் வந்தால் அங்கே வருகிறார்கள். வேறு எந்த முகாமுக்கும் கிடைக்காத கூட்டம் நமக்குத் தானாகக் கிடைக்கிறது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியவை

ஆண்டுக்கு ஒரு நாள் ஃபிளெக்ஸ் கட்டி நடத்தும் முகாமைவிட, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வளாகத்தில் இரண்டு நாற்காலியும் ஒரு கருவியும் போடுவது பயன் தரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே கேட்டால் செவிலியரோ தன்னார்வலரோ வர ஏற்பாடு செய்யலாம். பெண்களுக்கு வீட்டுக்கு வரும் தன்னார்வலர் இருக்கிறார். ஆண்களுக்கு இதை நாம் செய்வோம்.

இமாமும் முத்தவல்லியும் முதலில் உட்கார வேண்டும். எல்லோரும் பார்க்க விரலை நீட்ட வேண்டும். பயானைவிட இது வேலை செய்யும்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முறையும் முக்கியம். ஓடி வந்தவுடன் பார்த்தால் அளவு கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீயோ சிகரெட்டோ கூடாது. ஒரு முறை 140க்கு 90 தாண்டினால் உடனே நோய் என்று பயப்பட வேண்டாம், வேறொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை 140க்கு மேல் இருந்தால் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து உறுதி செய்ய வேண்டும். அதில் 126ம் அதற்கு மேலும் இரண்டு முறை வந்தால் சர்க்கரை நோய். 100க்கும் 125க்கும் இடையில் இருந்தால் விளிம்பு நிலை.

விளிம்பில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மட்டுமே நோயாக மாறும் வாய்ப்பை ஏறத்தாழ 28 சதவீதம் குறைத்தன. நம் ஊர் ஆட்களிடம், நம் ஊர் சாப்பாட்டோடு கிடைத்த பலன் இது.

அளவு கூடியிருப்பவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த மாதம் போன் செய்து கேட்க ஒருவரை நியமியுங்கள். அந்த நோட்டு அமானிதம். அதிலிருக்கும் ஒரு பெயரும் வெளியே போகக் கூடாது. வரன் வீட்டுப் பயம் போக வேண்டுமானால் இந்த நம்பிக்கை முதலில் வர வேண்டும்.

காலமும் முக்கியம். ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைப் பார்த்து, நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். அது நம் கணக்கில் ரஜப் மாதம். தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர் இதை எப்படிக் கேட்பார்? நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையைப் பயன்படுத்தவும் முதலில் நோய் தெரிய வேண்டும். நோன்பு நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியுமோ என்று தயங்க வேண்டாம். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் ரத்தம் எடுப்பதால் நோன்பு முறிவதில்லை.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டையில் அளவு எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணவரின் அளவு என்ன, வெளிநாட்டில் இருக்கும் மகனின் அளவு என்ன என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், முப்பது வயதைத் தாண்டியவர் யாராக இருந்தாலும், இந்த வெள்ளிக்கிழமைக்குள் பார்க்கச் சொல்லுங்கள். அத்தாவையும் அம்மாவையும் முகாமுக்கு வண்டியில் கொண்டுவந்து விடும் பிள்ளைகள் அந்த வண்டியை நிறுத்திவிட்டுத் தாங்களும் ஐந்து நிமிடம் உட்காரட்டும்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆஃபியத்தான வாழ்வைத் தருவானாக. ஆமீன்.